சாம்பற் குழியும் வெப்பக் காற்றும்: வற்றாளைக் கிழங்கின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

வற்றாளைக் கிழங்கினை விரற்பருமனாகச் சீவி, குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, ஈரம் போகத் துடைத்து, ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது சோளமாவும் புரட்டி, எயார் பிரையர் எனப்படும் மின்பொறியில் ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் கால்மணி நேரம் வைத்து, முறுகலாக எடுத்து உண்ணும் வழக்கம் 2010ஆம் ஆண்டின் பின்னர் உலகின் பல நகரங்களிலே மத்தியதர வர்க்கத்தினரிடையே பரவியுள்ளது. பொரியலின் சுவையைச் சிறிதளவு எண்ணெயிலே பெறலாம் என்பதும், நேரமும் உழைப்பும் மிச்சமாகும் என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். இவையிரண்டும் ஓரளவு உண்மையே. ஆயின், யாருடைய நேரம், யாருடைய உழைப்பு என்ற வினாவை எழுப்பியதும் சமையற் குறிப்பு சமூக வரலாறாக மாறிவிடுகின்றது.

உணவுப் பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பண்டத்தை ஒரு பயணியாகச் சித்திரிப்பர். மிளகு புறப்பட்டது, உருளைக்கிழங்கு வந்துசேர்ந்தது, தேயிலை பரவியது என்றவாறு அவர்தம் வாக்கியங்கள் அமையும். பண்டங்கள் தாமாக நடப்பதில்லை. அவற்றைச் சுமந்தோரும், நட்டோரும், கிண்டியெடுத்தோரும், அவ்விளைவைப் பறித்தெடுத்தோரும் அவ்வாக்கியங்களில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரையில் வற்றாளையின் உலகப் பயணத்தை முற்றாகக் கூற நாம் முயலவில்லை. நியூகினியின் மலைநாட்டிலும், தென்சீனத்தின் பூஜியன் மாகாணத்திலும், 1732ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின்னர் யப்பானிலும் இக்கிழங்கு வகித்த பாத்திரம் தனித்தனி ஆய்வுகளுக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியை, அதிலும் சிறப்பாக அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரைச் சூழ்ந்த பிரதேசத்தை, நாம் மையமாகக் கொள்கின்றோம். ஒரு விஞ்ஞானியும், ஒரு நாவலாசிரியரும், ஆயுதமேந்த நேர்ந்த ஒரு குடியானவர் சங்கமும் 1930களில் அம்மண்ணிலே மிக அண்மையில் நின்றமையே இத்தெரிவுக்குக் காரணமாகும்.

1

பெயரிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. தாவரவியலார் ஐப்போமியா பட்டாட்டாசு என வழங்கும் இக்கொடி, எமது சந்தைகளிற் கீரையாக விற்கப்படும் கங்குனின் இனத்தைச் சேர்ந்தது. உருளைக்கிழங்கோடு அதற்கு உறவில்லை. அமெரிக்காக் கண்டத்தின் வெப்பப் பகுதியே அதன் தாயகம். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் வழங்கிய பட்டாட்டா என்னுஞ் சொல்லைக் கொலம்பசின் பயணங்களைத் தொடர்ந்து ஸ்பானியரும், அவர்கள்வழிப் போர்த்துக்கேயரும் ஏற்றனர். சிங்களத்தில் வழங்கும் பத்தல என்ற பெயரும் ஈழத்துத் தமிழில் வழங்கும் வற்றாளை என்ற பெயரும் அச்சொல்லின் ஒலியை இன்றும் தாங்கி நிற்பனவாகக் கொள்ளத்தக்கன. தமிழகத்தாரோ வேறொன்று செய்தனர். வந்த கிழங்கைத் தமக்கு முன்னரே பழக்கமான வள்ளிக்கிழங்கோடு உறவுபடுத்திச் சர்க்கரைவள்ளி என்றனர். பின்னர் அதே கடல்வழியில் வந்த மற்றொரு கிழங்கு இரு நாட்டிலும் மரவள்ளி ஆயிற்று.

இவ்வள்ளி சாதாரணச் சொல்லன்று. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, அம்மலையைப் பட்டினியால் வெல்லவியலாது எனக் கபிலர் அவர்களுக்குக் கூறுவதாக அமைந்தது புறநானூற்றின் 109ஆம் பாடல். ஏரின்றியே அம்மலை தரும் நால்வகை உணவுகளை அவர் எடுத்துரைக்கின்றார். மூங்கிலரிசி, பலாப்பழம், தேன் என்பவற்றோடு வள்ளிக்கிழங்கும் அவற்றுள் ஒன்று. இயற்கை வருணனை என்றே இப்பாடல் பாடநூல்களிற் போற்றப்பட்டு வந்துள்ளது. எமது நோக்கில் அது ஓர் அரசியற் பொருளாதாரக் கூற்று. நெல்வயலை எரிக்கலாம், களத்து நெல்லைக் கவரலாம், இறை என்று அளந்தெடுக்கலாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை எண்ணுவதும் பறிப்பதும் வேந்தனுக்கு எளிதன்று. உழவை அடித்தளமாகக் கொண்டு எழுந்த அரசுகள் யாவற்றுக்கும் கிழங்குண்ணும் மக்கள் சற்றே எட்டாத தூரத்தில் இருந்தனர் என்பதை இப்பாடல் நன்கறிந்து பேசுகின்றது.

தமிழகத்தில் நிகழ்ந்த அதே பெயரிடல் அற்லாந்திக்கின் மறுகரையிலும் நிகழ்ந்தது. மேற்கு ஆபிரிக்காவின் பல மக்களுக்கு வள்ளியினக் கிழங்குகளே தலையாய உணவு. அவர்தம் மொழிகள் பலவற்றில் உண்ணுதலைக் குறிக்கும் நியாம் போன்ற அடிச்சொற்களோடு ஆங்கிலத்தின் யாம் என்ற பெயர் தொடர்புபடுத்தப்படுகின்றது. அடிமைகளாகக் கடத்தப்பட்டோர் வட அமெரிக்காவின் தென்பகுதியிலே தமது கிழங்கைக் காணவில்லை, கண்டது வற்றாளையை. அதற்கு அவர்கள் யாம் என்று பெயரிட்டனர். தாவரவியலுக்கு இது பிழை. சமைத்தவர்களுக்கோ அது தாம் இழந்த நாட்டை அடுப்படியில் மீட்டுக்கொள்ளும் செயல். இப்பெயரும் பின்னர் சந்தைக்குப் போயிற்று. 1930களில் லூசியானா மாநிலத்து விவசாய விஞ்ஞானிகள் செம்மஞ்சள் நிறமும் ஈரத்தன்மையுங் கொண்ட புதிய இனங்களை உருவாக்கியபோது, ஏனைய மாநிலங்களின் வெளிறிய கிழங்கினின்றும் அவற்றை வேறுபடுத்த வணிகர் யாம் என்ற பெயரையே சூட்டினர். அடிமைகளின் சொல் வணிகச் சின்னமாயிற்று. அவ்வாறு பெயரிடப்படும் பொதிகளில் வற்றாளை என்ற உண்மைப் பெயரும் உடன் இருத்தல் வேண்டும் எனச் சமஷ்டி அரசு விதிக்க நேர்ந்தது.

2

அடிமை முறை நிலவிய பருத்தித் தோட்டங்களில் வாரமொன்றுக்கு ஒருவருக்கு அளக்கப்பட்ட உணவு, ஒரு பெக் அளவு சோளமாவும் மூன்று நான்கு இறாத்தல் பன்றியிறைச்சியும் என்பது பல சான்றுகளாலும் பெறப்படுவது. நாள் முழுவதும் வெயிலில் உழைப்பவருக்கு இது போதாது. குடிசைக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்திலே இரவிலும் ஞாயிறன்றும் அடிமைகள் தாமே நட்டுக்கொண்ட பயிர்களுள் வற்றாளை முதன்மை பெற்றது. கொடியின் தண்டை வெட்டி நட்டாற் போதும். விதை வாங்க வேண்டியதில்லை. வளங்குன்றிய மணல் நிலத்திலும் அது விளையும். இந்நிலத்துண்டுகளை எசமானரின் இரக்கத்தின் சான்றாகக் காட்டிய வரலாற்றாசிரியர்களும் உளர். உழைப்புச் சக்தியை மீளுற்பத்தி செய்யும் செலவின் ஒரு பகுதியை அடிமையின் தலையிலேயே ஏற்றிய ஏற்பாடு இது என்பதே சரியான கணிப்பு.

1856ஆம் ஆண்டளவில் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த புக்கர் ரி. வாஷிங்டன் 1901இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தாம் பிறந்த குடிசையின் மண்தரையில் இருந்த ஒரு குழியை நினைவுகூருகின்றார். பலகையால் மூடப்பட்ட அக்குழி, குளிர்காலத்தில் வற்றாளைக் கிழங்குகளைச் சேமிப்பதற்கானது. அக்குடிசையே தோட்டத்தின் சமையலறையுமாகும். அவருடைய தாயார் தோட்டத்துக்குச் சமைப்பவர். கிழங்குகளைக் குழிக்குள் இடும்போதோ எடுக்கும்போதோ ஒன்றிரண்டு தம் கைக்கு வந்து, சுட்டுத் தின்றதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

இவ்வாறு சுடுதலைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். தணலும் சாம்பலும் மூடிய கிழங்கு மெல்ல மெல்லவே சூடேறும். வற்றாளையில் மாப்பொருளை மோல்ற்றோசு என்னும் சீனியாக மாற்றும் நொதியம் ஒன்றுண்டு. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வரையான வெப்பநிலையில் அது வீரியத்துடன் செயற்படும். அதற்கு மேல் அழிந்துவிடும். சாம்பலில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கிடக்கும் கிழங்கு அந்த எல்லையை மிக மெதுவாகவே கடந்து செல்வதால், அதில் சீனி பெருகுகின்றது. விறைத்த வெப்பத்தில் விரைந்து வேகும் கிழங்கில் அவ்வளவு சீனி உண்டாவதில்லை. தனித்து ஒருவர் நின்று கவனிக்க வேண்டாத சமையல் இது. வயலுக்குச் செல்லும் பெண் காலையில் தணலைக் கிளறி மூடிவிட்டுப் போகலாம். நேரமில்லாதோர் கண்டறிந்த நெடுநேரச் சமையல் என இதனைக் கூறலாம். அடிமைப் பெண்களின் சமையலறிவு உள்ளுணர்வு என்றும் கைப்பக்குவம் என்றும் புகழப்பட்டதே தவிர, அறிவு என்று பெயர் பெறவில்லை.

அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது, நிலம் கைமாறவில்லை. விடுதலை பெற்றோர், விளைச்சலிற் பெரும்பங்கை நிலவுடைமையாளருக்கு அளக்கும் வாரக்குடியானவர் ஆயினர். விதைக்கும் உணவுக்கும் கடன் தரும் வணிகன் பருத்தியை மட்டுமே ஈடாக ஏற்றான். ஆகவே கதவடி வரையும் பருத்தியே நடப்பட்டது. குடியானவன் தன் வயலில் விளையக்கூடிய உணவைக் கடைக்காரனிடம் வட்டிக்கு வாங்கினான். புக்கர் வாஷிங்டன் 1881இல் டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்கான கல்விநிலையத்தைத் தொடங்கியபோது அதனைச் சூழ்ந்திருந்த நிலைமை இதுவே.

அடிமையாகப் பிறந்த மற்றொருவரான ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் அந்நிலையத்தின் விவசாயப் பகுதிக்குத் தலைவராக வந்துசேர்ந்தார். வற்றாளைப் பயிர்ச்செய்கை பற்றிய அவருடைய சோதனைகள் 1898இல் நிலையத்தின் இரண்டாவது விவசாய வெளியீடாக வந்தன. பருத்தி மண்ணை வறிதாக்கும்; பயறினங்களையும் நிலக்கடலையையும் வற்றாளையையும் மாற்றிப் பயிரிடுக; கிழங்கைக் காயவைத்துச் சேமிக்க; அதிலிருந்து மாவும் பாகும் செய்க என்பது அவருடைய இடையறாத போதனை. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்காக 1906இல் ஒரு வண்டியிலே கருவிகளையும் செய்முறைகளையும் ஏற்றி ஊரூராக அனுப்பினர். முதலாம் உலகப் போரின்போது கோதுமைத் தட்டுப்பாடு நேரவே, டஸ்கீகியின் சமையற்கூடத்தில் வற்றாளை மா கலந்து பாண் சுட்டதைக் கேள்வியுற்ற அரசு, 1918 தொடக்கத்திலே கார்வரை வாஷிங்டன் நகருக்கு அழைத்து விளக்கங் கேட்டது. போர் முடிந்தது, கோதுமை வந்தது, அரசின் ஆர்வமும் மறைந்தது. வற்றாளையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைச் செய்தவர் என அவரை ஒரு மாயவித்தைக்காரராகப் பிற்காலத்தார் கொண்டாடினர். அப்பொருள்களுள் வணிகத்தில் நிலைத்தது ஏதுமில்லை. அவருடைய உண்மையான பெருமை அந்தப் பட்டியலில் இல்லை. கையில் காசில்லாத குடியானவனை முன்னிறுத்தி விஞ்ஞானத்தைச் சிந்தித்ததில் உள்ளது.

எனினும், அவருடைய போதனை ஒரு சுவரில் முட்டியது. வற்றாளை நடுக என்று கூறலாம். நடுவதற்கு நிலம் யாருடையது? டஸ்கீகிக்கு அயலிலுள்ள டல்லபூசா மாவட்டத்தில் 1931இல் கம்யூனிஸ்ட் கட்சியின் துணையோடு வாரக்குடியானவர் சங்கம் உருவாயிற்று. அதன் கோரிக்கைகளுள் உணவுக் கடனைத் தொடர்ந்து வழங்குதல், விளைந்த பருத்தியைத் தாமே விற்கும் உரிமை, நாளொன்றுக்கு ஒரு டொலர் கூலி, பிள்ளைகளுக்கு ஒன்பது மாதப் பள்ளிக்கூடம் என்பனவற்றோடு, குடியானவர் தம் தேவைக்குத் தோட்டம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. வற்றாளை நடுவதற்குக் கூட அனுமதி தேவைப்பட்ட சமூகத்திலே கார்வரின் வெளியீடுகள் யாரை எட்டியிருக்கும், எட்டியும் என்ன செய்திருக்கும் என்ற ஐயத்துக்கு இந்த ஒரு கோரிக்கையே விடையளிக்கின்றது.

அவ்வாண்டு யூலை மாதத்தில் காம்ப் ஹில்லில் சங்கத் தலைவர்களுள் ஒருவரான ரால்ஃப் கிரே கொல்லப்பட்டார். 1932 டிசெம்பரில் ரீல்டவுனில், கிளிஃப் ஜேம்ஸ் என்பவரின் கால்நடைகளைக் கடனுக்காகக் கைப்பற்ற வந்த சட்ட அதிகாரிகளைச் சங்கத்தினர் எதிர்த்து நின்றபோது துப்பாக்கிச் சண்டை மூண்டது. காயமுற்ற ஜேம்ஸ் நடந்து டஸ்கீகி நிலையத்தின் மருத்துவமனையை அடைந்தார். அங்கு அவருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது; பின்னர் அதிகாரிகளுக்குத் தகவலும் அளிக்கப்பட்டது. அவரும் அவருடைய தோழர் மைலோ பென்ற்லியும் மொன்கொமரிச் சிறையில் மாண்டனர். கூட நின்ற நெட் கொப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தார். தோழர்களைக் காட்டிக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்ற வாய்ப்பை அவர் ஏற்கவில்லை. அவர் வாய்மொழியாகச் சொல்லிய வாழ்க்கையைத் தியடோர் ரோசன்கார்ட்டன் 1974இல் நூலாக்கினார். நூலில் அவர் பெயர் நேற் ஷோ.

மருத்துவமனையைத் துரோகம் என்ற ஒரு சொல்லால் கடந்துவிடுதல் எளிது. வெள்ளை முதலாளிகளின் நன்கொடையில் தங்கியிருந்த கறுப்பின நிலையம் ஒன்று, கொலைவெறிக் கும்பல்கள் அயலிற் திரிந்த வாரத்தில், வேறெவ்வாறு நடந்திருக்கும் என்பதையும் ஆய்வாளர் கேட்டாக வேண்டும். சீர்திருத்தம் எந்த எல்லைவரை செல்ல அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதை அவ்விரவு காட்டியது. மண்ணை வளமாக்கலாம் என்பது அனுமதிக்கப்பட்ட போதனை. மண் யாருடையது என்ற கேள்வி அனுமதிக்கப்படவில்லை.

3

இச்சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு, அதாவது 1933இல், இசை பயில்வதற்காக டஸ்கீகி வந்த இளைஞர் ரால்ஃப் எலிசன். 1936இல் படிப்பை முடிக்காமலே நியூயோர்க் சென்றார். 1952இல் அவர் வெளியிட்ட ‘கட்புலனாகாத மனிதன்’ என்னும் நாவலில் வரும் கல்லூரி டஸ்கீகியை முன்மாதிரியாகக் கொண்டது என்பது விமர்சகர் யாவரும் ஒப்புவது. நாவலின் பெயரற்ற நாயகன் ஹார்லெம் வீதியிலே, குளிர்காலத்தில், தள்ளுவண்டியில் சுட்ட வற்றாளை விற்கும் முதியவர் ஒருவரைக் காண்கின்றான். வெண்ணெய் விட்ட கிழங்கை வாங்கி வீதியில் நின்றே உண்கின்றான். தென்பகுதிக் கறுப்பினத்தவரின் உணவு எனக் கற்றோர் நாணி மறைத்த ஒன்றை வெளிப்படையாக உண்பதில் அவன் அடையும் விடுதலையுணர்வு, அமெரிக்க இலக்கியத்தில் மிகவும் பேசப்பட்ட பகுதிகளுள் ஒன்று.

பெரும்பாலான விமர்சனங்கள் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. பண்பாட்டு அடையாளத்தை மீட்டெடுத்தல் என்று பெயரிட்டு முடித்துக்கொள்கின்றன. நாவல் அங்கு நிற்கவில்லை என்பதே எமது கவனத்துக்குரியது. நாயகன் மேலும் இரண்டு கிழங்குகளை வாங்குகின்றான். அவற்றுள் ஒன்றைக் கடித்தபோது விரும்பத்தகாத சுவை தட்டுகின்றது. கிழங்கு உறைபனியில் பழுதடைந்தது. இதனைக் குறியீடு எனக் கொள்வார் கொள்க. நாம் முதலில் அதனைப் பொருளாகவே காண விரும்புகின்றோம். வெப்பவலயத் தாவரமாகிய வற்றாளை ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரிற் கெட்டுவிடும். தென்பகுதி மண்குழி அதனைக் காத்தது. வடபகுதி வீதி காக்கவில்லை. ஊரை விட்டு வந்தவரின் பின்னால் அவர்தம் கிழங்கும் புகைவண்டியில் வந்தது. ஊரின் காப்பு வரவில்லை. எலிசனின் யதார்த்தவாதம் அவருடைய தத்துவத்தினும் வலிமையானது என்பதற்கு இச்சிறு விவரம் சான்று.

அடுத்த காட்சி இன்னும் முக்கியமானது. கிழங்கைத் தின்றுகொண்டு செல்லும் நாயகன் ஒரு வீட்டின் முன் கூடிநிற்கும் மக்களைக் காண்கின்றான். வாடகை செலுத்த முடியாத முதிய தம்பதியர் வெளியேற்றப்படுகின்றனர். அவர்தம் தட்டுமுட்டுச் சாமான்கள் நடைபாதையிற் குவிந்து கிடக்கின்றன. அங்கு அவன் ஆற்றும் உரையே அவனைச் சகோதரத்துவம் என்னும் அமைப்பினுள் கொண்டுசேர்க்கின்றது. கம்யூனிஸ்ட் கட்சியின் கசப்பான சித்திரமாக அமைந்த அவ்வமைப்பின் பொருட்டு, நாவல் வெளியான காலத்து இடதுசாரி விமர்சகர் பலர் அதனைக் கடுமையாகத் தாக்கினர். அத்தாக்குதலில் நியாயம் இல்லாமல் இல்லை. டஸ்கீகிக்கு அயலில் ஓராண்டுக்கு முன்னர் உயிர்நீத்த குடியானவரையும், அவர்களோடு நின்ற கட்சியையும் நாவல் காணவில்லை. எனினும், உணவின் நினைவும் வீட்டின் இழப்பும் அடுத்தடுத்து வைக்கப்பட்ட அவ்விரு காட்சிகளின் இணைப்பை ஏற்றுக்கொள்ளாத மார்க்சிய விமர்சனம் தன் கருவியைத் தானே மழுக்கிக்கொள்கின்றது. அடையாளம் வேறு, வர்க்கம் வேறு எனப் பிரித்து ஒன்றை ஒன்றுக்கு எதிராக நிறுத்துவோர் இருசாராரும் இப்பகுதியைப் பாதியாகவே வாசிக்கின்றனர்.

4

இனிப் பொறிக்கு வருவோம். எயார் பிரையர் என்பது பெயரளவிலேயே பொரிப்பது. மேலே ஒரு வெப்பச் சுருள், அதனருகே ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை, இவற்றைச் சூழ ஒரு சிறிய அறை. இவ்வளவே அதன் அமைப்பு. சுழலும் வெப்பக் காற்று உணவின் மேற்பரப்பைச் சூழும் ஈரப் படலத்தை அகற்றி அதனை விரைந்து உலர்த்துகின்றது. இந்நெறி புதியதன்று. 1940களின் நடுப்பகுதியில் வில்லியம் மக்ஸன் என்ற அமெரிக்கர், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்கென விசிறி பொருத்திய சூளையை உருவாக்கினார். ஆயின் வீட்டுச் சமையலறை மேசைக்கு அளவான பொறியாக, ஒல்லாந்தைச் சேர்ந்த பிரெட் வன் டெர் வெய்யின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு, பிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பேர்ளின் கண்காட்சியில் அதனை அறிமுகஞ் செய்தது.

வற்றாளை இப்பொறிக்கு எளிதில் இணங்கும் பண்டமன்று. நீரும் சீனியும் மிக்கதாதலின், உள்ளே வெந்து முடியுமுன் விளிம்பு கருகும், கருகாவிடின் துவண்டுபோகும். துண்டுகளை நீரில் ஊறவைப்பது மேற்பரப்பின் மாப்பொருளைக் கழுவியகற்ற. சோளமா புரட்டுவது ஈரத்தை உறிஞ்சி முறுகலான தோலொன்றை அமைக்க. உப்பு நீரை வெளிக்கொணரும் ஆதலின் அது இறுதியிலேயே இடப்படும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாற் காற்றுப் புகாது. அவிந்த கிழங்கே கிடைக்கும். ஆகவே ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். இடையில் ஒருமுறை குலுக்க வேண்டும். நிறமும் மணமும் 1912இல் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கிய, சீனிக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான தாக்கத்தால் விளைவன. அதிவெப்பத்தில் இத்தாக்கத்தின் வழியே அக்ரிலமைட்டு என்னும் தீங்குடைய பொருளும் தோன்றும் எனச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2002இல் வெளிப்படுத்தினர். எண்ணெய் குறைந்ததனாலேயே கருகல் குற்றமற்றதாகிவிடாது.

ஒரே அடுக்கு என்பதில் ஒரு சமூகச் செய்தி உண்டு. கூடையின் கொள்ளளவு ஒருவருக்கோ இருவருக்கோ போதுமானது. பத்துப்பேர் உண்ணும் வீட்டில் நான்கைந்து முறை பொறியை இயக்க வேண்டும். அதற்குள் முதலிற் பொரிந்தது ஆறித் துவண்டுவிடும். பெருந்தாச்சியும் விறகடுப்பும் கூட்டுக் குடும்பத்தைக் கருதின. இப்பொறி வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் உழைப்பாளியைக் கருதுகின்றது. நேரம் மிச்சமாகும் என்ற வாக்குறுதி குறித்து, அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் சுவோட்ஸ் கவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பயன்படும். வீட்டுப் பொறிகள் ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த பணிகளையே பெரிதும் அகற்றின. இல்லத்தலைவியின் பணியோ அவள் ஒருத்தி மேலேயே குவிந்தது என்பது அவருடைய முடிபு. கிழங்கைத் தோல் சீவுவதும், ஊறவைப்பதும், துடைப்பதும், கூடையைக் கழுவுவதும் இன்னும் ஒருவர் கையாலேயே நடைபெறுகின்றன.

அவ்வேலையையும் முதலாளித்துவம் வேறோரிடத்திற் செய்து தர ஆயத்தமாகவே இருந்தது. பொறி அறிமுகமான அதே 2010ஆம் ஆண்டில், லூசியானா மாநிலத்தின் டெல்ஹை என்ற ஊரிலே, வற்றாளைத் துண்டுகளைச் சீவிப் பொரித்து உறையவைக்கும் பெருந்தொழிற்சாலையை லாம்ப் வெஸ்டன் திறந்தது. வாடிக்கையாளரிடம் எஞ்சிய வேலை பொதியை வெட்டிக் கூடையில் இடுவது மட்டுமே. ஏழையின் கிழங்கு என்று ஒதுக்கப்பட்டது இவ்வாறு நலவாழ்வின் சின்னமாக மறுபிறப்பெடுத்தது. எமது நாட்டிலும் வற்றாளை நீண்டகாலம் தட்டுப்பாட்டின் உணவாகவே எண்ணப்பட்டது என்பதை, 1970களின் முற்பகுதியில் அரிசிப் பங்கீடு சுருங்கிய நாட்களை அறிந்தோருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இச்சங்கிலியின் மறுமுனையில் இருப்பது வட கரோலினா மாநிலம். 1971இலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் வற்றாளை உற்பத்தியில் அதுவே முதலிடம் வகிக்கின்றது. அங்கு நிலத்தை உழுது கிழங்கை மேலே புரட்டுவது இயந்திரம். பொறுக்குவதோ பெரும்பாலும் கைகள். வற்றாளையின் தோல் மிக மெல்லியது. உராய்ந்தாற் காயம்படும், காயம்பட்டது அழுகும். ஆகவே தொழிலாளர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து வாளியை நிரப்பி, தோளிலேற்றி வண்டிக்குச் சுமக்கின்றனர். வாளிக் கணக்கிற் கூலி கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அறுவடையின் பின்னர் கிழங்குகளை 30 பாகை அளவான ஈரவெப்பத்திற் சில நாட்கள் வைத்துத் தோலை ஆற்றி, பின்னர் 13 முதல் 15 பாகை வரையான அறைகளில் மாதக்கணக்கிற் காக்கின்றனர். புக்கர் வாஷிங்டனின் குடிசைக் குழி செய்ததை இன்று கணினி கட்டுப்படுத்தும் களஞ்சியம் செய்கின்றது. பொறுக்கும் வேலைக்கு மட்டும் மாற்றுக் கிடைக்கவில்லை; மலிவான கைகள் இருக்கும்வரை மாற்றைத் தேடும் அவசரமும் முதலாளிக்கு இல்லை.

அக்கைகள் இன்று பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து பருவகாலத் தொழிலாளராக அழைத்துவரப்படுவோருடையவை. 1986ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ் அமைந்த எச்-2ஏ அனுமதி, தொழிலாளியை ஒரு குறிப்பிட்ட தொழில்தருநருடன் பிணைக்கின்றது. அவர் வேலையை விட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் விட்டுப்போகும். கறுப்பின வாரக்குடியானவனைக் கடன் கட்டியது; இவரை அனுமதிப் பத்திரம் கட்டுகின்றது. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் தன் பாதுகாப்பினின்றும் விலக்கியது. தென்பகுதிக் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக ஈடுபட்டிருந்த தொழில்கள் இவ்விரண்டுமே என்பதை நோக்குமிடத்து, அவ்விலக்கினால் யார் பாதிக்கப்பட்டனர் என்பது தெளிவாகும். கிழங்கை விளைவித்தவனும் பிறர் வீட்டில் அதனைச் சமைத்தவளும் ஒரே வரியில் வெளியே நிறுத்தப்பட்டனர். அவ்விலக்கு இன்றும் அச்சட்டத்தில் உள்ளது.

அவ்விலக்கையும் மீறி 1967இல் பல்டெமார் வெலாஸ்கஸ் நிறுவிய பண்ணைத் தொழிலாளர் சங்கம், வெள்ளரிக்காய் ஊறுகாய் நிறுவனமொன்றின்மீது ஐந்தாண்டுக்கும் மேலாக நடத்திய புறக்கணிப்பின் விளைவாக, 2004இல் வட கரோலினா விவசாயிகள் சங்கத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பல்லாயிரம் பருவகாலத் தொழிலாளர் அதனாற் கூட்டுப் பேர உரிமை பெற்றனர். அவர்களுள் வற்றாளை வயலில் வேலை செய்வோரும் அடங்குவர். 2017இல் அம்மாநிலச் சட்டமன்றம், பண்ணைத் தொழிலாளரின் சங்கச் சந்தாவைக் கூலியிற் கழித்தளிக்கும் ஏற்பாட்டைத் தடைசெய்யும் சட்டமொன்றை நிறைவேற்றியது. சங்கம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.